ஒரு ஊசி குறைகிறது

முதலில் எங்கள் தெரு டெய்லரைத் திட்டிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குக் கல்யாணம். பட்டுப்புடவையோடு வந்த ஜாக்கெட் துணியை அவரிடம் கொடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. "நாளைக்கு மேடம்", "நாளன்னிக்கு மேடம்" என்று இழுத்தடித்து, வியாழக்கிழமை சாயங்காலம் கையில் கொடுத்தார். கை முழங்கை வரை வந்திருக்க வேண்டியது, தோளிலிருந்து நாலு விரலோடு நின்றுபோயிருந்தது. முதுகில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்குக் குஞ்சலம் வேறு.

"இப்ப இதான் மேடம் மாடல்" என்றார்.

"எனக்கு நாப்பத்தினாலு வயசு. எனக்கு எதுக்குய்யா மாடல்?"

"பிரிச்சு விடலாம். ஆனா உள்ள துணி இல்லியே" என்றார், வேறு யாரோ வந்து வெட்டிவிட்டுப் போனதைப் போல. பம்மல் மெயின் ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கும்படி கத்தினேன். கத்தி என்ன ஆகப்போகிறது? துணி போனது போனதுதான்.

நான் பெண்கள் சிறையில் வார்டர். எங்கள் காலனியில் இதை யாருக்கும் புரிய வைக்க முடிந்ததில்லை. போலீஸ் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஹெல்மெட் போடாமல் மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் அப்பாக்கள் காலையிலேயே வந்து நிற்பார்கள். நான் ரோட்டில் ஆளைப் பிடிக்கிறவள் இல்லை, பிடித்து அனுப்பினவர்களை எண்ணி உள்ளே வைத்திருக்கிறவள் என்று பதினேழு வருஷமாகச் சொல்கிறேன். "ஒரு போன் போட்டா போதும் மேடம்" என்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்ததை இப்போதும் அப்படியே ஒப்பிப்பேன். கைதியிடம் எதையும் வாங்காதே. எதையும் கொடுக்காதே. உன் வீட்டு விஷயத்தைச் சொல்லாதே. அவள் வீட்டு விஷயத்தை வேலைக்குத் தேவையானதற்கு மேல் கேட்காதே. இதில் ஒன்றைக்கூட நான் மீறியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். போன வருஷம் என்னோடு வேலை பார்க்கும் ஒரு சின்னப் பெண், புது வார்டர், ஒரு கைதி நூலில் பின்னிக் கொடுத்த செல்போன் உறையை வாங்கிப் பையில் வைத்திருந்தாள். நான்தான் மேலே எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு மெமோ வந்தது. "ஒரு உறைதானேக்கா" என்று அழுதாள். "இன்னிக்கு உறை, நாளைக்கு என்ன?" என்று கேட்டேன். கேட்டபோது எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

எங்கள் சிறையில் ஒரு தையல் கூடம் இருக்கிறது. கைதிகளின் சேலைக்கு ஜாக்கெட், போர்வைக்கு ஓரம், தலையணை உறை, இதுதான் வேலை. ஆனால் எங்களில் பாதிப் பேருடைய ஜாக்கெட்டும் அங்கேதான் தைக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம். சாப்பாட்டுப் பையில் போகும், சாப்பாட்டுப் பையில் வரும். தைப்பவள் ஆயுள் கைதி, பள்ளிக்கரணைக்காரி, என் வயசுதான் இருக்கும். என்ன கேஸ் என்று இங்கே எழுதப்போவதில்லை. அவள் கை தொட்ட துணி உடம்பில் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் மட்டும் கொடுத்ததில்லை.

கூடத்தில் துணி எண்ணிக்கையைவிட ஊசி எண்ணிக்கைதான் முக்கியம். மிஷின் ஊசி மிஷினோடு போகட்டும், கை ஊசிதான் தலைவலி. ஒரு பழைய கம்பளித் துண்டில் வரிசையாகக் குத்தி வைத்திருப்போம். வெளி ஊசி உள்ளே கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் காதிலும் சிவப்புப் பெயிண்டைத் தொட்டு வைப்போம். காலையில் எண்ணிக் கொடுக்க வேண்டும், சாயங்காலம் எண்ணி வாங்க வேண்டும். உடைந்தால் இரண்டு துண்டையும் காட்டினால்தான் புதிது. ஒன்று குறைந்தால் கூடத்தில் ஒருத்தியும் சாப்பாட்டுக்குத் தட்டெடுக்கப் போக முடியாது. ஊசியால் என்னென்ன செய்துகொள்ள முடியும் என்பதைப் பார்த்தவர்கள் யாரும் இதைக் கிறுக்குத்தனம் என்று சொல்ல மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை எனக்கு மதிய ஷிப்ட். காலையில் பல்லாவரம் சந்தைக்கு ஓடினேன். பழைய நாற்காலிக்கும் மீன் தொட்டிக்கும் நடுவில் துணி விற்கிற ஒருத்தரிடம், புடவைக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒரு பச்சை ஜாக்கெட் பிட் கிடைத்தது. கிடைத்து என்ன? இரண்டு நாளில் யார் தைப்பார்கள்? குரோம்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். "முகூர்த்த சீசன் மேடம்" என்று மூன்று பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். தங்கையோ போனில், "அக்கா, கூடப் பொறந்தவ நீதான் நாத்தனாருக்கு எதிர்ல நிக்கணும், பழைய ஜாக்கெட்ட போட்டுக்கிட்டு வந்துடாத" என்கிறாள். அந்த நிமிஷம் எனக்கு உலகத்தின் மேலேயே கோபம். அந்தக் கோபத்தோடு பிட்டைச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். கேட்டில் எல்லோருடைய பையையும் பிரித்துப் பார்ப்பார்கள். என் பையை யாரும் பிரிப்பதில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லையாம்.

தையல் கூடத்தில் அவள் முன்னால் துணியை வைத்தேன். அவள் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்களாம்மா?" என்றாள்.

"நானேதான். நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள முடியுமா, முடியாதா?"

"முடியும்மா."

"அளவு ஜாக்கெட் கொண்டு வரல."

"அளவெல்லாம் வேணாம்மா. ஆறு வருசமா காலைலயும் சாய்ங்காலமும் என்னைத் தடவித் தடவிப் பாக்கறீங்க. நான் மட்டும் கண்ணை மூடிக்கினா நிப்பேன்?"

எனக்கு முகம் சுட்டது. தினமும் இரண்டு வேளை சோதனை போடுகிறவள் நான். கை தூக்கு என்பேன், திரும்பு என்பேன். அந்த நேரத்தில் எதிரில் இருப்பவளும் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. "அதிகப்பிரசங்கித்தனம் வேணாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். வாங்குவதையும் வாங்கிக்கொண்டு அதட்டல் வேறு.

சனிக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு நான் கிளம்ப வேண்டும். அன்று சாயங்காலம் பெண் அழைப்பு. செவ்வாய்க்கிழமைதான் மறுபடி வேலைக்கு வர வேண்டும். இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது போனால் அவள் கடைசிக் கொக்கியைக் கையால் வைத்துக்கொண்டிருந்தாள். "சீக்கிரம், சீக்கிரம்" என்று தலைமேல் நின்றேன். "ஒரு நிமிசம்மா, கழுத்துப் பட்டிய ஒரு தபா பாத்துட்டுத் தரேன்" என்றாள். "போதும் குடு" என்று கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவளுக்கு வருகிற புதன்கிழமையிலிருந்து மூன்று நாள் விடுப்பு வந்திருந்தது. பெரிய மகளுக்கு வளைகாப்பு. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வீட்டுக்குப் போகப்போகிறாள். மனுவில் நன்னடத்தை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான், ஜாக்கெட்டுக்கு ஒரு மாதம் முன்னால். "போய்ட்டு ஒழுங்கா வந்து சேரு" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்தில் ஜாக்கெட்டைப் போட்டேன். சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், என் வாழ்நாளில் அப்படி ஒரு ஜாக்கெட் போட்டதில்லை. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு பிடிப்பு இல்லை. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது தடவை திரும்பும்போது பின்கழுத்தில் சுருக்கென்று குத்தியது. கழற்றிப் பார்த்தால், கழுத்துப் பட்டியின் உள்மடிப்பில் ஒரு கை ஊசி. பச்சை நூல் கோத்தபடியே இருந்தது. காதில் சிவப்புப் பெயிண்ட்.

எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் எண்ணியிருப்பார்கள். ஒன்று குறைந்திருக்கும். கூடம் மூடியிருக்காது. எல்லோரையும் சோதனை போட்டிருப்பார்கள். கடைசியாகக் கை ஊசி வாங்கியவள் யார் என்று ரிஜிஸ்டரைப் பார்த்திருப்பார்கள். இதெல்லாம் நானே பல தடவை செய்த வேலை. வெளியே நாதஸ்வரக்காரர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஊசியை ஒரு காகிதத்தில் சுருட்டி ஹேண்ட்பேக்கின் ஜிப்புக்குள் போட்டுவிட்டு, ஜாக்கெட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, தங்கை பக்கத்தில் போய் நின்றேன்.

மத்தியானம் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. அதே சின்னப் பெண், செல்போன் உறைக்காரி.

"அக்கா, கல்யாண வேளைல தொந்தரவு பண்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க. நேத்து கை ஊசி ஒண்ணு குறையுதுக்கா. கூடத்த மூணு தடவ கூட்டிப் பாத்துட்டோம். உங்க பள்ளிக்கரணைக்காரி பேர்லதான் நிக்குது. எங்க போச்சுன்னு தெரியாதுங்கறா. வேற வாயே திறக்க மாட்டேங்கறா. புதன்கிழமை விடுப்ப நிறுத்தி வைக்கலாமான்னு பேசிக்கறாங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

இலையில் அப்போதுதான் சாம்பார் ஊற்றினார்கள். "நல்லா தேடச் சொல்லு" என்றேன்.

மடியில்தான் இருந்தது ஹேண்ட்பேக்.

அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த அம்மாவின் ஜாக்கெட்டோடு போயிருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நானாகச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது. என்னைக் காப்பாற்று என்று இவளை யார் கேட்டார்கள்? பிறகு யோசித்தால், அவள் வாயைத் திறந்தாலும் அவளுக்குத்தான் கேடு. அனுமதி இல்லாமல் வெளித்துணி தைத்தது அவளுக்கும் குற்றம்தான். எப்படிச் சுற்றி வந்தாலும் அவள் தலையில்தான் விடிகிறது. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

அதற்கப்புறம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதையெல்லாம் எழுதினால் சிரிப்பு வரும். விடுப்பில் இருக்கும் வார்டர் ஒரு கைதிக்காகப் போன் போட்டுப் பரிந்து பேசக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். அவள் வீட்டு வளைகாப்பு என் விஷயம் இல்லை, அவள் கைதி, நான் ஊழியர், நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். ஜாக்கெட் வாங்கிப் பையில் வைக்கும்போது அந்தக் கோடு எங்கே போயிருந்தது என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போய் நேரில் சொல்லிக்கொள்ளலாம், வளைகாப்பு புதன்கிழமைதானே, நடுவில் முழுசாக ஒரு நாள் இருக்கிறதே என்றும் சொல்லிக்கொண்டேன். இதுதான் எல்லாவற்றிலும் கேவலமானது. விடுப்பு உத்தரவு, கைதியைக் கூட்டிக்கொண்டு போகிற வழிக்காவல் போலீஸுக்குத் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் புதன்கிழமைக்கு ஆள் வராது. இது எனக்குத் தெரியாதா? எத்தனை உத்தரவை நானே கையில் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

திங்கட்கிழமை பொழிச்சலூரில் மாப்பிள்ளை வீட்டில் விருந்து. தலைக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். ஆரம்பித்ததெல்லாம் ஜாக்கெட் பேச்சு. நேற்று போட்டிருந்தது யார் தைத்தது, எங்கே கடை, எவ்வளவு நாளில் தருவார்கள்?

"பல்லாவரத்துல ஒருத்தி" என்றேன்.

"நம்பர் குடுங்களேன். என் பொண்ணுக்கு எந்த டெய்லரும் செட்டாக மாட்டேங்கறாங்க" என்றாள் மாப்பிள்ளையின் அக்கா.

"அவகிட்ட போன் இல்ல."

"இந்தக் காலத்துல போன் இல்லாம யாருங்க இருக்காங்க? அட்ரஸாவது சொல்லுங்க, நாங்க தேடிப் போய்க்கறோம்."

விடவே மாட்டேன் என்கிறாள். கடைசியில் "அவங்க ஊருக்குப் போறாங்க, மகளுக்கு வளைகாப்பு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்குப் பாயசம் இறங்கவில்லை. மணி மூன்று. அப்போதே எழுந்து வாசலுக்குப் போய் ஒரு போன் போட்டிருக்கலாம். போனைக் கையில் எடுக்கவும் எடுத்தேன். பெருக்கிய கூடத்தை மறுபடி மறுபடி பெருக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பெண்தான் எடுப்பாள். அவளிடம் நான் என்னவென்று சொல்வது? போன வருஷம் அவளிடம் கேட்ட கேள்வியை அவள் என்னிடம் திருப்பிக் கேட்பாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பஸ்ஸில் இன்னொரு யோசனை வந்தது. ஊசியை மிஷின் காலடியில் போட்டுவிட்டு நானே கண்டுபிடித்தால் என்ன? யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் கூடத்தை மூன்று தடவை பெருக்கிப் பார்த்தாயிற்று, ஊசி இல்லை என்று அந்தச் சின்னப் பெண் எழுதிக் கொடுத்திருப்பாள். அங்கேயே கிடைத்தால் அவளுக்கு இன்னொரு மெமோ. என்னால் அவளுக்கு ஒரு தடவை வந்தது போதும். நேராக ஜெயிலர் மேடம் அறைக்குப் போய், காகிதத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்து, ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததைச் சொன்னேன்.

அவர் ஊசியைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"நீங்களுமா? வேற யார் பண்ணியிருந்தாலும் நம்பியிருப்பேன்" என்றார். பிறகு, "எப்ப பாத்தீங்க இத?" என்று கேட்டார்.

"நேத்து சாயங்காலம் மேடம். ஜாக்கெட்ட மடிக்கறப்ப."

அவ்வளவு சுலபமாக வந்தது. உண்மையைச் சொல்லத்தான் போனேன். முக்கால்வாசி சொன்னேன்.

"நேத்து மத்தியானமே கண்காணிப்பாளர் விடுப்ப நிறுத்திக் கையெழுத்துப் போட்டுட்டார். நீங்க நேத்து சாயங்காலம் பாத்து என்ன, இன்னிக்குப் பாத்து என்ன? ஞாயித்துக்கிழமை பாத்திருந்தா பிரயோஜனம்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்குச் சத்தம் போடக்கூடத் தெம்பில்லை. எழுதிக் கொடுங்கள் என்று ஒரு தாளைத் தள்ளினார். திங்கட்கிழமை மாலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு மெமோ. அடுத்த வாரத்திலிருந்து தையல் கூடம் இல்லை, கேட் டியூட்டி. அவள் ஊசியைத் திருடவில்லை என்று தீர்ந்தது, ஆனால் அனுமதி இல்லாமல் தைத்ததற்காகத் தையலிலிருந்து எடுத்துச் சமையல் கூடத்தில் போட்டார்கள். விடுப்புக்குப் புதிதாக மனுப் போடலாம் என்றார்கள். எதற்குப் போடுவது? சின்னப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "மெமோவுக்குப் பதில் எழுதணும்லக்கா. நான் எழுதினதோட காப்பி வெச்சிருக்கேன், வேணுமா?" என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே உதவிக்குத்தான் கேட்டாள். எனக்கு ஓங்கி யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது. யாரை என்று தெரிந்ததால் சும்மா இருந்தேன்.

புதன்கிழமை காலை. பத்தரை மணிக்கு வளைகாப்பு என்று மனுவில் எழுதியிருந்தது. நான் சமையல் கூடத்துக்குப் போகும்போது பதினொன்று ஆகியிருந்தது. அவள் சுவரோரமாக உட்கார்ந்து, பெரிய தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரு" என்றேன். பதினேழு வருஷத்தில் ஒரு கைதியிடம் சொல்லாத வார்த்தையைச் சொல்ல வந்திருந்தேன். நின்று நிதானமாக எல்லாம் வராது எனக்கு. "என்னால உனக்குப் போச்சு. மன்னிச்சுக்கோ" என்று கடுகடுவென்றுதான் வந்தது, அவளை அதட்டுகிற மாதிரி.

"நாந்தாம்மா கழுத்துப் பட்டில குத்தி வெச்சிட்டு மறந்துட்டேன். உங்கள இன்னா சொல்றது? நீங்க வந்து சொன்னீங்களே, வேற யாருனா இருந்தா சொல்லியே இருக்க மாட்டாங்க" என்றாள். "அவ சின்னம்மா போட்டு வுட்டிருக்கும் முதல் வளையல. ஒண்ணும் கொறைஞ்சிடாது."

அதோடு நான் வந்துவிட்டிருக்கலாம். அவள் நாலைந்து கல்லைப் பொறுக்கித் தரையில் வைத்தாள். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"எப்பம்மா பாத்தீங்க ஊசிய?"

ஜெயிலர் மேடம் மேஜையில் என் கையெழுத்தோடு ஒரு பதில் இருந்தது. அவளுக்கு அது தெரிந்திருக்கும். சிறைக்குள் எந்தத் தாளும் ரகசியம் இல்லை. அதையே சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், என்னை நல்லவள் என்றே நினைத்துக்கொண்டு மிச்ச அரிசியையும் பொறுக்கியிருப்பாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல" என்றேன். "முகூர்த்தத்துக்கு முன்னாடி."

அவள் கை அரிசியில் அப்படியே நின்றது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கே ஒரு போன் போட்டுருந்தீங்கன்னா, இந்நேரம் நான் எம் பொண்ணு பக்கத்துல இருந்திருப்பேன்."

"ஆமா" என்றேன்.

அவள் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.